ரசீதோடு சேர்த்து என்ன கொடுப்பது?

(கல்வி உதவி நிதிக்கான ஆயத்தக் கூட்டத்தில் நமது டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை. அன்று வர இயலாத குடும்பங்களுக்காக எழுத்து வடிவில் தரப்படுகிறது.)





கல்வி உதவி நிதிக்காக நாம் கூட்டம் நடத்தப்போகிறோம் என்று அறிவித்த நாளிலிருந்து அலுவலகத்துக்கு வந்துகொண்டிருக்கும் கேள்வி ஒன்றுதான். "வருகிறவர்களுக்கு நம் பெயர் போட்டு என்ன கொடுக்கப்போகிறோம்?" டி-ஷர்ட் என்கிறார்கள். காபி கப் என்கிறார்கள். சாவிக்கொத்து, பேனா, கைப்பட்டை, காலண்டர், பை என்று பட்டியல் வளர்கிறது. ஒரு தம்பி செல்போனில் நாற்பது பொருள்களின் படத்தை அனுப்பியிருக்கிறார். நாற்பதும் அழகாகத்தான் இருக்கின்றன.

இளைஞர்களின் ஆர்வத்தைக் குறைத்துப் பேச வரவில்லை. வெறுமனே உண்டியலை நீட்டினால் பணம் வருகிற காலம் இது இல்லை என்று அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பெங்களூருவில் வேலை பார்த்துவிட்டு மாதம் ஒருமுறை ஊருக்கு வருகிற பிள்ளைகளுக்கு நமது டிரஸ்ட் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் போய்விடுகிறது. கையில் ஒரு பொருள் இருந்தால் நினைவிருக்கும். சரிதான். ஆனால் அந்தப் பொருளுக்கு ஆகும் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பேசிவிடுவோம். நமது பதிவேட்டில் இந்த ஆண்டு விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பிளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரிக் கட்டணத்துக்கு வழியில்லாமல் வீட்டில் இருக்கும் பெண் பிள்ளைகளும் அதில் உண்டு. கப்புக்குப் போகிற ஒவ்வொரு ரூபாயும் அந்தப் பதிவேட்டின் பக்கத்திலிருந்துதான் போகிறது.

ஜகாத் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது யாருக்குப் போக வேண்டும் என்று எட்டு வகையினர் குர்ஆனில் குறிக்கப்பட்டிருக்கிறார்கள். பை அச்சடிப்பதும் பேனர் கட்டுவதும் அந்த எட்டில் எதிலும் வராது. எனவே ஜகாத் கணக்கிலிருந்து இந்தக் கூட்டத்துக்கு ஒரு பேனாகூட வாங்கப்படாது. செலவு முழுவதும் பொது ஸதகா கணக்கிலிருந்தோ, "இந்தச் செலவை நான் ஏற்கிறேன்" என்று தெளிவாகச் சொல்லிக் கொடுப்பவரிடமிருந்தோதான் வர வேண்டும். இதில் கமிட்டிக்குள் இரண்டு கருத்து இல்லை.

நன்கொடை கொடுத்தவருக்கு ஒரு சின்னப் பொருள் கொடுப்பது புதுப் பழக்கம் ஒன்றும் இல்லை. ஆண்டுதோறும் டிசம்பர் 7ஆம் தேதி கலெக்டர் ஆபீஸில் படைவீரர் கொடிநாள் வசூலைத் தொடங்கிவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1949ஆம் ஆண்டு தொடங்கிய வழக்கம் அது. சிவப்பு, கரு நீலம், வெளிர் நீலம் என்று மூன்று நிறத்தில் ஒரு சின்னக் கொடி. முப்படைகளுக்கும் ஒவ்வொரு நிறம். அந்தக் கொடிக்கு என்ன மதிப்பு? அச்சுக் கூலிகூடப் பெரிதாக இருக்காது. ஆனால் சட்டையில் குத்திக்கொண்டவர் "நான் கொடுத்துவிட்டேன்" என்று வாய் திறக்காமல் சொல்கிறார். பக்கத்தில் நிற்பவரும் பாக்கெட்டில் கைவிடுகிறார்.

இதற்கும் முன்னால், 1904இல், டென்மார்க் நாட்டில் எய்னார் ஹோல்போல் என்ற தபால் ஊழியருக்கு ஒரு யோசனை வந்தது. பண்டிகைக் காலத்தில் ஊரே கடிதம் போடுகிறதே, தபால்தலைக்குப் பக்கத்தில் ஒட்ட ஒரு அலங்கார வில்லையை அடித்து விற்று, அந்தப் பணத்தைக் காசநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தால் என்ன? உலகம் முழுவதும் பரவிய யோசனை அது. நம் நாட்டுக் காசநோய் சங்கமும் அப்படிப்பட்ட வில்லைகளை வெளியிட்டது. பழைய கடிதக் கட்டுகளை வைத்திருப்பவர்கள் வீட்டில் தேடிப் பார்க்கலாம்.

மூன்றாவது உதாரணம்தான் நமக்கு மிக நெருக்கமானது. இங்கிலாந்தில் முதல் உலகப் போரில் இறந்தவர்களின் நினைவாக 1921 முதல் சிவப்புப் பாப்பிப் பூ, துணியிலும் காகிதத்திலும் செய்தது, நன்கொடைக்காகக் கொடுக்கப்படுகிறது. அடுத்த ஆண்டே, 1922இல், ஜார்ஜ் ஹவ்சன் என்ற ராணுவ அதிகாரி அந்தப் பூக்களைச் செய்வதற்கென்று ஒரு பட்டறை தொடங்கினார். வேலைக்கு வைத்தது போரில் கை கால் இழந்த வீரர்களை. ஒரு கை மட்டும் உள்ளவரும் கோக்கக்கூடிய விதத்தில் பூவை அமைத்தார்கள் என்று சொல்வார்கள். பூவை வாங்குகிறவரின் பணம் நிதிக்குப் போவதற்கு முன்பே, பூவைச் செய்த கூலி உதவி வேண்டியவர்களின் வீட்டுக்குப் போய்விட்டது.

இந்த மூன்றிலும் கவனியுங்கள்: பொருள் மிக மலிவானது, லேசானது, எல்லாருக்கும் ஒன்றேதான். ஆயிரம் கொடுத்தவருக்குப் பெரிய கொடி, பத்து கொடுத்தவருக்குச் சின்னக் கொடி என்று இல்லை. இதை ஏன் அழுத்திச் சொல்கிறோம் என்றால், வந்த யோசனைகளில் ஒன்று, "500 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் பை, 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கப்பும் பையும்" என்பது. வெளியூரில் பெரிய அமைப்புகள் செய்கிறார்களாம். இருக்கட்டும். பள்ளிவாசல் வாசலில் ஒருவர் கையில் இரண்டு பொருள், இன்னொருவர் கையில் ஒன்று, தள்ளுவண்டிக்காரர் கையில் ஒன்றுமில்லை என்று நிற்பது நமக்கு ஒத்துவராது. தள்ளுவண்டிக்காரர் கொடுத்த 20 ரூபாய் அவரது அன்றைய வருமானத்தில் எவ்வளவு பங்கு என்பது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

ஆகவே கமிட்டி இரண்டாகப் பிரித்து யோசித்திருக்கிறது. நன்கொடை கொடுக்கும் எல்லாருக்கும், தொகை எதுவானாலும், ஒரே ஒரு அட்டை. அது இலவசம். அதற்கு அப்பால் ஒரு மேஜை போட்டுத் துணிப்பை விற்பனை. அது விற்பனைதான், நன்கொடை இல்லை. லாபம் கல்வி நிதிக்குப் போகும்.

அட்டை என்றால் ரமலான் ஸஹர் - இஃப்தார் நேர அட்டை. இதில் என்ன புதுமை, எல்லாக் கடையிலும் கொடுக்கிறார்களே என்று கேட்பீர்கள். கொடுக்கிறார்கள். ஆனால் நம் வீடுகளுக்கு வந்து சேரும் அட்டைகளிலும் காலண்டர்களிலும் பலவற்றில் இருப்பது சென்னை நேரம். சென்னை கிழக்கே இருக்கிறது. தர்மபுரி அதற்கு மேற்கே ஏறத்தாழ இரண்டு பாகை தள்ளி இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்தக் கணக்குப்படி சென்னையில் சூரியன் மறைந்து ஏறத்தாழ 8 நிமிடம் கழித்துத்தான் இங்கே மறைகிறது. சென்னை அட்டையைப் பார்த்து ஸஹரை முடித்துக்கொண்டால் பாதகம் இல்லை, கொஞ்சம் முன்கூட்டியே முடிக்கிறோம். அதே அட்டையைப் பார்த்து நோன்பு திறந்தால்? சூரியன் இன்னும் மேலே இருக்கிறது. சில காலண்டர்களில் ஓரத்தில் "பிற ஊர்களுக்குக் கூட்ட வேண்டிய நிமிடங்கள்" என்று பொடி எழுத்தில் ஒரு பட்டியல் இருக்கும். அதைப் படிக்க நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் கண்ணாடி போதாது.

பள்ளிவாசல் பாங்கு கேட்கும் தூரத்தில் இருப்பவர்களுக்குப் பிரச்சினை இல்லை. பென்னாகரம் பக்கமும் அரூர் பக்கமும் தோட்டங்களிலும் ஒற்றை வீடுகளிலும் இருக்கும் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்கு தர்மபுரிக்கென்று கணக்கிட்ட நேரம் பெரிய எழுத்தில் ஒரு அட்டையில் இருந்தால் மாதம் முழுவதும் அடுப்படிச் சுவரில் தொங்கும். நேரத்தைக் கணக்கிட்டு ஹஜ்ரத் அவர்களிடம் காட்டி, அவர்கள் ஒப்புதல் தந்த பிறகே அச்சுக்குப் போகும். பிறை அறிவிப்பைப் பொறுத்து முதல் நோன்பு ஒரு நாள் முன்பின் ஆகலாம் என்பதால் ஆங்கிலத் தேதியை முதலிலும் நோன்பு எண்ணை அடுத்தும் போடுகிறோம்.

அட்டையில் ஆயத்தோ அல்லாஹ்வின் திருநாமமோ அரபியில் அச்சிட வேண்டாம் என்பதும் எங்கள் கருத்து. மாதம் முடிந்ததும் அட்டை எங்கே போகும்? குப்பைக்கூடைக்கு, அல்லது பஜ்ஜி மடிக்க. தினசரிக் காலண்டரில் தாளுக்குத் தாள் ஆயத் போடுகிறவர்கள் நல்லெண்ணத்தில்தான் போடுகிறார்கள். கிழித்த தாளை என்ன செய்வது என்று தெரியாமல் நம் தாய்மார்கள் அரிசி டப்பாவில் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள்! நோன்பு திறக்கும் துஆவைப் பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லிக் கொடுப்போம்.

உருது எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஜமாஅத்தில் பாதிக் குடும்பங்கள் வீட்டில் உருது பேசுகிறவை, பாதி தமிழ். அட்டையில் இரண்டும் இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள், நியாயம். தமிழ் டி.டி.பி. மட்டும் செய்யும் அச்சகத்தில் உருது வாசகத்தைக் கொடுத்தால் சில கம்ப்யூட்டர்களில் எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாக உதிர்ந்து, போதாததற்கு இடமிருந்து வலமாகத் திரும்பி வரும். அச்சடிப்பவருக்கு அது தெரியாது. அவருக்கு எல்லாம் ஒரே கோலம்தான். அதனால் உருது வாசகத்தை நாமே வெளியில் சரியாக அமைத்துப் படமாகத்தான் கொடுக்க வேண்டும். புரூப் வந்ததும் உருது படிக்கத் தெரிந்த இருவர் கையெழுத்துப் போட்ட பிறகே அச்சு.

காலண்டரே அடித்துவிடலாமே என்று வியாபாரிகள் சிலர் கேட்டார்கள். சிவகாசிக்காரர்கள் ஆடிப்பெருக்கையொட்டியே அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பத்தை வெளியிட்டுவிடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆல்பத்தில் இருக்கும் டிசைனை எடுத்துக்கொண்டு அடியில் நம் பெயரை மட்டும் போட்டால் மலிவு. நமக்கென்று தனி டிசைன், தனித் தேதித்தாள், தர்மபுரித் தொழுகை நேரம் என்று கேட்டால் குறைந்தபட்ச எண்ணிக்கை சொல்வார்கள். அது நமது ஜமாஅத்தின் வீடுகளைவிட அதிகமாக இருக்கும். தவிர, ஜனவரியில் ஒவ்வொரு வீட்டிலும் மளிகைக்கடை, நகைக்கடை என்று நாலு காலண்டர் சேர்ந்துவிடுகிறது. ஐந்தாவது காலண்டர் பீரோவுக்கு மேலே போகும். இந்த ஆண்டுக்குக் காலண்டர் வேண்டாம்.

அட்டைக்கான செலவை ஏற்க ஒரு வியாபாரி முன்வந்திருக்கிறார். பின்பக்கத்தில் அவர் கடை விளம்பரம் வரும். வட்டித் தொழில், லாட்டரி, புகையிலை விளம்பரம் எதுவானாலும் எவ்வளவு கொடுத்தாலும் வாங்குவதில்லை என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட்டோம். கேட்டு யாரும் சங்கடப்பட வேண்டாம்.

இனி பைக்கு வருவோம். நேரம் கொஞ்சம் பிடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப், பிளாஸ்டிக் கொடி, எந்த அளவிலும் பிளாஸ்டிக் கைப்பை எல்லாம் அதில் வருகின்றன. பலருக்குத் தெரியாதது, துணி மாதிரியே இருக்கும் "நான்-வோவன்" பையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்பது. ஜவுளிக்கடையில் ஒரு காலத்தில் கலர் கலராகக் கொடுத்தார்களே, தொட்டால் துணி போல இருக்குமே, அதுதான். அது நூலால் நெய்ததே இல்லை. பிளாஸ்டிக் இழையை அழுத்தி ஒட்டியது. செல்போனில் நமக்கு வந்த படங்களில் மிக மலிவாக இருந்த பைகள் எல்லாம் இந்த வகைதான். சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு நூல் அளவு கத்தரித்துத் தீக்குச்சி காட்டுங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். மற்றது உருகிச் சுருண்டு கட்டியாகும். ஒரு தர்ம ஸ்தாபனம் தடை செய்யப்பட்ட பையில் தன் பெயரைப் போட்டு ஊர் முழுவதும் கொடுத்தால் எப்படி இருக்கும்? பக்கத்து மாவட்டத்தில் ஒரு அமைப்புக்கு இப்படி ஆகி, அச்சடித்த கட்டுகளை அப்படியே மூலையில் போட்டுவிட்டார்கள் என்று கேள்வி.

அரசாங்கமே 2021 டிசம்பர் 23 அன்று "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தைத் தொடங்கியது. மஞ்சப்பை எடுத்துப் போனால் பட்டிக்காடு என்று சிரித்த காலம் போய்விட்டது. அதனால் துணிப்பையே நமக்குத் தோது.

எங்கே வாங்குவது? ஈரோட்டிலும் கரூரிலும் தைத்து அச்சிட்ட பையே கிடைக்கிறது. ஆயிரம், இரண்டாயிரம் என்று எடுத்தால் விலை இறங்கும். 300 என்றால் ஏறும். இதற்கிடையில் நமது தெருவிலேயே தையல் தொழில் செய்யும் சகோதரி ஒருவர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். 36 அங்குல அகலக் காடாத் துணியை எடுத்துக்கொள்ளுங்கள். அகலத்தில் 15 அங்குலமாக இரண்டு துண்டு. மீதி 6 அங்குலம் ஓரத்தில் நிற்கும். நீளம் 35 அங்குலம் வெட்டி, துண்டை இரண்டாக மடித்துப் பக்கம் தைத்து, வாயை மடித்து அடித்தால் 14க்கு 16 அங்குலத்தில் பை. ஓரத்தில் நின்ற 6 அங்குலத்தை இரண்டு பட்டையாக்கி, ஒவ்வொன்றையும் பாதியாக வெட்டினால் நாலு கைப்பிடி. இரண்டு பைக்கு நாலு கைப்பிடிதானே வேண்டும்? ஆக ஒரு மீட்டர் துணியில் இரண்டு பை, கைப்பிடி உட்பட, கழிவு கொஞ்சம்தான். கமிட்டியில் இருக்கும் பட்டதாரிகள் யாருக்கும் இது தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

துணியை மட்டும் ஈரோட்டிலிருந்தோ சேலத்திலிருந்தோ எடுத்து வந்து, இங்கேயே தைத்தால்? நமது பட்டியலில் தையல் மெஷின் உதவி பெற்ற சகோதரிகள் இருக்கிறார்கள். பள்ளிச் சீருடை சீசன் முடிந்தால் அவர்களுக்கு வேலை குறைவு. விலை ஈரோட்டுப் பையைவிட ஓரிரு ரூபாய் கூடலாம். கூடட்டும். அந்த ஓரிரு ரூபாய் யார் வீட்டுக்குப் போகிறது என்று பாருங்கள். பாப்பிப் பூவைப் பற்றி இவ்வளவு நேரம் சொன்னது இதற்காகத்தான்.

ஆனால் ஒன்று. "தர்ம காரியம், சவாபுக்காகச் செய்து கொடுங்கள்" என்று அவர்களிடம் கேட்கக் கூடாது. கடையில் ஒரு பைக்கு என்ன தையல் கூலியோ அது, எண்ணிக் கொடுத்த அன்றே. கூலியைத் தாமதிக்காமல் கொடுப்பது பற்றி நமக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே தைப்பதில் இன்னொரு நன்மை உண்டு. அது கணக்கில்தான் தெரியும். ஒரு பேச்சுக்கு, துணி, தையல், அச்சு, லாரி பார்சல் எல்லாம் சேர்த்து ஒரு பை 50 ரூபாய் என்றும், விற்கும் விலை 80 என்றும் வைத்துக்கொள்வோம். 500 பைக்கு 25,000 ரூபாய் போடுகிறோம். 312 பை விற்றாலும் போட்ட பணம் முழுதாகத் திரும்பி வராது. 313ஆவது பையில்தான் முதல் ரூபாய் லாபம். 500உம் விற்றால் 15,000 நிதிக்கு வரும், சந்தோஷம். 300 மட்டும் விற்றால் 24,000 வரும். 1,000 ரூபாய் நஷ்டம், கூடவே 200 பை மூட்டை. "விலை குறைவு" என்று அதிகம் வாங்குவதில் உள்ள ஆபத்து இதுதான். அதே இடத்தில் முதலில் 300 மட்டும் தைக்கிறோம், பைக்கு 54 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 16,200 செலவு. 300உம் விற்றால் 7,800 லாபம். கேட்பவர்கள் இருந்தால் அடுத்த வாரம் இன்னும் 100 தைக்கலாம். அச்சுக்கான ஸ்கிரீன் இருக்கிறது, துணி கிடைக்கிறது, மெஷின் தெருவிலேயே இருக்கிறது. வெளியூர் ஆர்டரில் இந்த வசதி கிடையாது.

டி-ஷர்ட்டை ஏன் விட்டோம் என்று கேட்கும் தம்பிகளுக்கும் இதே கணக்குதான் பதில். திருப்பூர் பக்கத்தில் இருக்கிறது, மலிவுதான், மறுக்கவில்லை. ஆனால் டி-ஷர்ட்டுக்கு அளவு உண்டு. எம், எல், எக்ஸ்எல் தீர்ந்துவிடும். சின்னதும் மிகப் பெரியதும் மிஞ்சும். நம் கூட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேரான தாய்மார்கள் அதை வாங்கப்போவதில்லை. தொண்டர்களுக்கு அடையாளம் வேண்டுமென்றால் கழுத்தில் ஒரு அட்டை போதும். காபி கப் லாரியில் உடையும், அதைச் சுற்றும் அட்டைப்பெட்டிக்கே ஒரு விலை. பேனா, சாவிக்கொத்து பற்றிப் பேசவே வேண்டாம்.

அச்சு ஒரே நிறம். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன், தனிக் கூலி, தனியாகக் காய வைக்க வேண்டும். வெளுக்காத துணியில் கரும்பச்சை நன்றாகத் தெரியும். மஞ்சள் சாயம் போட்ட துணி வேண்டாம், முதல் துவைப்பிலேயே வெள்ளைத் துணிகளுக்கும் மஞ்சள் கொடுத்துவிடும். பையில் என்ன எழுதுவது என்பதில் விவாதம் நடந்தது. டிரஸ்ட் பெயரும் "கல்வி உதவி நிதி" என்ற வரியும் போதும். பணம் செலுத்தும் க்யூ.ஆர். கோடு போடலாம் என்றார்கள். காடாத் துணியில் ஸ்கிரீன் பிரிண்டில் அந்தப் பொடிக் கட்டங்கள் கலங்கிவிடும், செல்போன் படிக்காது. படித்தாலும், நாளைக்கு வங்கிக் கணக்கு மாறினால் ஊரெல்லாம் சுற்றும் பையை எப்படித் திரும்ப வாங்குவது? க்யூ.ஆர். கோடு மேஜையில் மட்டும் இருக்கும். அது டிரஸ்ட் கணக்குடையது. எந்தத் தனிநபர் எண்ணும் இல்லை. அதன்மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டப்படாமல் ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். பணம் செலுத்தும்போது திரையில் டிரஸ்ட் பெயர் வருகிறதா என்று நீங்களும் பாருங்கள்.

வாங்கும் முறை பற்றிச் சுருக்கமாக. மூன்று இடத்தில் விலைப்புள்ளி என்று எல்லாரும் சொல்வோம். ஒருவர் மெல்லிய துணிக்கு விலை சொல்வார், ஒருவர் கனத்த துணிக்கு. ஒருவர் ஜி.எஸ்.டி. சேர்த்து, ஒருவர் சேர்க்காமல். பிறகு எதை எதனோடு ஒப்பிடுவது? அதனால் துணியின் துண்டு ஒன்றை வெட்டி மூவருக்கும் கொடுத்து, "இதே துணி, இந்த அகலம், வரியும் பார்சல் கட்டணமும் சேர்த்து தர்மபுரி வந்து சேர என்ன விலை" என்று எழுத்தில் கேட்கிறோம். மாதிரிப் பையில் ஐந்து கிலோ அரிசியைப் போட்டு ஒரு நாள் ஆணியில் தொங்கவிட்டு, ஒரு முறை துவைத்தும் பார்க்கிறோம். பாஸானால் அதிலேயே இரண்டு கமிட்டி உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டு அலுவலகத்தில் வைத்துவிடுவோம். வருகிற சரக்கு அதுபோல இல்லையென்றால் வாக்குவாதம் வேண்டாம், பை பேசும். முன்பணம் துணிக்கு மட்டும். பில் டிரஸ்ட் பெயரில்.

கமிட்டி உறுப்பினர் ஒருவருக்குச் சொந்த அச்சகம் இருக்கிறது. அவரும் விலை கொடுக்கலாம், தடை இல்லை. ஆனால் விலைப்புள்ளிகளைப் பிரிக்கும் நேரத்தில் அவர் அறையில் இருக்க மாட்டார். இதை அவரே முன்வந்து சொன்னார், அல்லாஹ் அவருக்குப் பரக்கத் செய்வானாக.

ரசீது விஷயம். பை வாங்கினால் விற்பனைச் சீட்டு. நன்கொடை கொடுத்தால் நன்கொடை ரசீது. இரண்டும் இரண்டு புத்தகம், இரண்டு மேஜை. பைக்குக் கொடுத்த 80 ரூபாய்க்கு நன்கொடை ரசீது கேட்காதீர்கள், கொடுக்க முடியாது. வருமான வரிக் கழிவுக்கு ரசீது வேண்டும் என்பவர்கள் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடைக்காது. செக்கிலோ வங்கி வழியிலோ செலுத்துங்கள், பான் எண்ணும் சொல்லுங்கள். விற்பனைக் கணக்கைத் தனியாகவே எழுதச் சொல்லி ஆடிட்டர் கேட்டிருக்கிறார், அப்படியே செய்கிறோம். கூட்டம் முடிந்து பதினைந்து நாளுக்குள் எத்தனை பை தைத்தோம், எத்தனை விற்றோம், எத்தனை மிச்சம், தையல் கூலி எவ்வளவு என்று பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம்.

கடைசியாக ஒன்று. இதில்தான் கமிட்டியில் நீண்ட நேரம் பேச்சு நடந்தது. "நன்கொடையாளருக்குப் பை கொடுப்பது இருக்கட்டும், உதவி பெறும் பிள்ளைகளுக்கு டிரஸ்ட் பெயர் பெரிதாகப் போட்டு ஸ்கூல் பேக் கொடுத்தால் தினமும் விளம்பரம்தானே" என்று ஒரு யோசனை வந்தது. சொன்னவர் நல்ல மனதோடு சொன்னார். யோசித்துப் பாருங்கள். அந்தப் பிள்ளை அந்தப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு வகுப்புக்குள் நுழைகிறாள். நாற்பது பிள்ளைகள் பார்க்கிறார்கள். அவளுடைய அத்தா இறந்துவிட்டதும், கட்டணத்தை யாரோ கட்டுவதும், அவள் வாய் திறக்காமலே வகுப்புக்குத் தெரிந்துவிடுகிறது, ஆண்டு முழுவதும். கொடிநாள் கொடியைக் கொடுத்தவர்தான் குத்திக்கொள்கிறார், வாங்கியவர் அல்ல. ஆகவே பிள்ளைகளுக்கு வாங்கும் பை, நோட்டு, சீருடை எதிலும் நமது பெயர் இருக்காது. கடையில் எல்லாரும் வாங்குகிற பையே வாங்கப்படும். கூட்டத்து மேடையில் பிள்ளைகளை நிறுத்தி கவர் கொடுத்துப் படம் எடுப்பதும் இல்லை. கட்டணம் நேராகக் கல்லூரிக்குப் போகும். பேனரில் எந்தப் பிள்ளையின் முகமும் வராது. பேனரே ஒன்றுதான், துணியில்.

இதனால் வசூல் குறையும் என்று சொன்னார்கள். குறையலாம். படத்தைப் பார்த்தால்தான் கொடுப்பேன் என்பவரிடம் பதிவேட்டுக் கணக்கைப் பெயர் மறைத்துக் காட்டுவோம்: எத்தனை விண்ணப்பம், என்ன படிப்பு, எவ்வளவு கட்டணம் என்று. அதைப் பார்த்தும் மனம் வராதவருக்குப் படத்தைப் பார்த்தும் அதிக நாள் நிற்காது என்பது எங்கள் அபிப்பிராயம். மாற்றுக் கருத்து இருந்தால் எழுத்தில் கொடுங்கள், அடுத்த கமிட்டியில் வாசிக்கப்படும்.

மாதிரிப் பைகள் மூன்று அலுவலகத்தில் இருக்கின்றன. வரும் ஞாயிறு அஸருக்குப் பிறகு மஃரிபு வரை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். தாய்மார்களுக்கு அன்று காலை 10 மணியிலிருந்து 12 வரை தனி நேரம். கைப்பிடி நீளம் போதுமா, தோளில் மாட்ட வேண்டுமா என்று சந்தைக்குப் போகிற நீங்கள்தான் சொல்ல வேண்டும். தைக்க விருப்பமுள்ள சகோதரிகள் அன்றே பெயர் கொடுங்கள். மெஷின் பழுதாக இருந்தால் அதையும் சொல்லுங்கள், சரிசெய்யும் செலவு பொதுக் கணக்கிலிருந்து தரப்படும். உருதுப் புரூப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கிடைத்துவிட்டார், இன்னொருவர் தேவை. துணி எடுக்கச் செவ்வாய்க்கிழமை இரண்டு பேர் போகிறோம், வண்டியில் ஒரு இடம் காலியாக இருக்கிறது. ஜவுளியில் அனுபவம் உள்ள பெரியவர் யாராவது உடன் வந்தால் நல்லது.